மாணவர்களே நடத்தும் சாரணர் படை: பன்னிரண்டு மாதமும் வெளியே இயங்க ஒரு முழு வழிகாட்டி

சாரணர் படை தொடங்கும் ஆசிரியர்களில் பலர் முதல் வாரம் சீருடைக்கு அளவெடுக்கிறார்கள். இரண்டாம் வாரம் அணிவகுப்பு, மூன்றாம் வாரம் முடிச்சு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் விசில் ஆசிரியர் வாயில் இருக்கிறது, பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், படை பள்ளி மைதானத்தைத் தாண்டவில்லை. ஆர்வத்துக்குக் குறைவில்லை. வேலைகளைச் செய்த வரிசைதான் தவறிவிட்டது.

தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில், பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் கீழ், ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைக் கொண்ட படையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சாரணியர் படைக்கும் இதே வரிசை பொருந்தும். படிகளை முன்பின்னாக மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதன் மேல் நிற்கிறது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பதிவு. மாவட்டச் சங்கத்தில் படையைப் பதிவு செய்து ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். பதிவு இல்லாத படைக்கு முகாம் அனுமதி கேட்கப் போனால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பிள்ளைகள் தேறிய நிலைகளும் கணக்கில் ஏறாது.

அடுத்து உங்கள் பயிற்சி. சாரண ஆசிரியருக்கான அடிப்படைப் பயிற்சி முகாமை முடிக்காமல் படை நடத்த வேண்டாம். அங்கே ஆசிரியர்களையே அணி அணியாகப் பிரித்து, சமைக்க வைத்து, பாத்திரம் கழுவ வைக்கிறார்கள். அணி என்பது உள்ளிருந்து எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

இரண்டாவது பெரியவர் ஒருவர் கட்டாயம். உடற்கல்வி ஆசிரியரோ, பழைய மாணவரோ, ஒரு பெற்றோரோ வரலாம். ஆனால் அவரும் ஆண்டு முழுக்க வருகிறவராக இருக்க வேண்டும். ஒருவருக்குக் கால் சுளுக்கினால் ஒரு பெரியவர் அவனோடு போக வேண்டும், இன்னொருவர் மற்றவர்களோடு இருக்க வேண்டும். இந்த ஒரு கணக்கே போதும்.

பெற்றோரிடம் ஆண்டுத் தொடக்கத்தில் பொதுவான ஒப்புதல் கடிதம் ஒன்றும், ஒவ்வொரு வெளிப்பயணத்துக்கும் தனிக் கடிதமும் வாங்குங்கள். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, தினமும் எடுக்கும் மாத்திரை ஆகியவற்றைப் படிவத்தில் கேட்கலாம். இரவில் படுக்கை நனைக்கும் பழக்கத்தை எந்த அம்மாவும் படிவத்தில் எழுத மாட்டார். அதை நேரில், தனியாக, குரலைத் தாழ்த்திக் கேளுங்கள். தெரிந்திருந்தால் இரவு பதினொரு மணிக்கு அந்தப் பையனை எழுப்பிவிட்டால் முடிந்தது. தெரியாவிட்டால் மறுநாளிலிருந்து அவன் படைக்கே வரமாட்டான்.

பொருள்களில் கூடாரத்தைத் தள்ளிப்போடுங்கள். அணிக்கு ஒரு மரப்பெட்டியோ தகரப்பெட்டியோ போதும். அதற்குள் 12-க்கு 18 அடி தார்ப்பாய் ஒன்று, கயிறுகள், குண்டான் இரண்டு, கரண்டி, அரிவாள்மணை, டார்ச், முதலுதவிப் பை; வெளியே 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று. கட்டு போடுவதற்கு நூல் கயிறோ சணல் கயிறோ வாங்குங்கள், நைலான் வழுக்கும். பெட்டியின் மேல் அணியின் பெயரை அவர்களே எழுதட்டும். எல்லாம் பொது அலமாரியில் இருந்தால் கரண்டி தொலைவது யாருக்கும் கவலையில்லை. பெட்டி தங்களுடையது என்றால் தேடுவார்கள்.

2. அணிகளை அமையுங்கள், பிறகு கலைக்காதீர்கள்

ஓர் அணியில் 6 முதல் 8 பேர். தொடக்கத்தில் மூன்று அணிகளுக்கு மேல் வேண்டாம். எட்டுப் பேர் ஒரு குண்டானில் சமைத்துச் சாப்பிடலாம், ஒரு தார்ப்பாயின் கீழ் படுக்கலாம், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும். பத்துப் பேரானால் மூன்று பேர் சும்மா இருப்பார்கள்.

வகுப்புவாரியாகப் பிரிப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. பெயர்ப் பட்டியலுக்கு அது சுலபம். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் உள்ள அணிக்குக் கற்றுத்தர உள்ளே ஆள் இல்லை. நீங்கள்தான் போக வேண்டும். போனால் அது மறுபடியும் வகுப்பறை. ஒன்பதாம் வகுப்பில் ஒருவர், எட்டில் இருவர், கீழே நான்கைந்து பேர் என்று வயது கலந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளிடம், சேர்ந்திருக்க விரும்பும் இரண்டு பேரின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அதில் ஒரு பெயராவது அவர்கள் அணியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே தெருப் பிள்ளைகள் முழுக்க ஒரே அணியாகிவிடாமலும் பாருங்கள். அதன் காரணத்தை நம் ஊர் ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அமைத்த பிறகு ஓர் ஆண்டுக்குக் கலைக்கக் கூடாது. விளையாட்டுக்கு எண்ணிக்கை சமமாக வர வேண்டும் என்பதற்காகக்கூட ஆளை மாற்றாதீர்கள். ஏழு பேருக்கு எதிராக ஐந்து பேர் ஆடட்டும், ஒன்றும் ஆகாது.

3. அணித்தலைவரைத் தேர்ந்தெடுப்பது

அணியே பேசி முடிவு செய்யட்டும். நீங்கள் ஒன்றை மட்டும் கேளுங்கள்: 'மழையில் மாட்டிக்கொண்டால் யார் சொல்வதைக் கேட்பீர்கள்?' வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவரையோ வகுப்புத் தலைவரையோ நீங்களாக நியமித்தால், அந்தப் பையன் உங்கள் ஆளாகிவிடுவான். அணியின் ஆளாக இருக்க மாட்டான்.

பத்தாம் வகுப்புக்குப் போனதும் பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்கள். பொதுத்தேர்வு, தனி வகுப்பு, வீட்டில் கெடுபிடி. இதை எதிர்த்துப் பயனில்லை, கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தலைமை மாற்றத்தை ஜூனில் வைக்காமல் ஜனவரியில் வையுங்கள். பொங்கல் முடிந்ததும் எட்டாம் வகுப்புத் துணைத்தலைவர் தலைவராகட்டும். ஒன்பதாம் வகுப்புப் பழைய தலைவர் மார்ச் வரை பக்கத்தில் இருப்பார். புதியவருக்குத் தடுமாறும்போது கேட்க ஆள் இருக்கும், ஜூனில் படை வெறுங்கையோடு நிற்காது.

4. முதல் முகாம் அணித்தலைவர்களுக்கு மட்டும்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். படையே தடுமாறுவதும் இதனால்தான்.

முழுப் படைக்கும் எந்த நிகழ்ச்சியும் தொடங்குமுன், அணித்தலைவர்களையும் துணைத்தலைவர்களையும் மட்டும் ஒரு சனி-ஞாயிறு வெளியே கூட்டிப்போங்கள். பள்ளியின் பின்பக்கத் தோப்பு போதும். அந்த இரண்டு நாள் அவர்கள் ஓர் அணி, நீங்கள் அதன் தலைவர். விளக்கவுரை வேண்டாம், தலைவராக நடந்து காட்டுங்கள். வேலையைப் பிரிக்கும்போது பெயர் சொல்லிப் பிரியுங்கள். 'யாராவது தண்ணீர் எடுத்து வாருங்கள்' என்றால் யாரும் போக மாட்டார்கள் என்பதை அவர்கள் அங்கே கவனிக்கட்டும். கடினமான வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் சாப்பிடுங்கள்.

முகாம் முடிவதற்குள் அவர்கள் கைக்கு வந்திருக்க வேண்டியவை: மூன்று கல் அடுப்பு மூட்டி எட்டுப் பேருக்குச் சோறு வடிப்பது, தார்ப்பாயை மழை உள்ளே வராமல் கட்டுவது, ஆள் எண்ணுவது, சிறு காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஊர் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது. முடிச்சுகளில் ரீஃப் முடிச்சு, குளோவ் ஹிட்ச், போலைன், ஷீட் பெண்ட் ஆகிய நான்கும், இரண்டு கம்புகளைக் குறுக்காகச் சேர்த்துக் கட்டும் ஸ்கொயர் லாஷிங்கும் போதும். இருபது முடிச்சைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதைவிட, நான்கை இருட்டில் போட வைப்பது மேல்.

அடுப்பில் நேரம் செலவிடுங்கள். பாளை, தென்னமட்டை, காய்ந்த சுள்ளி என்று மூன்று தடிமனாக விறகைப் பிரித்து அடுக்கிய பிறகே தீக்குச்சி கிழிக்க வேண்டும். குண்டானின் வெளிப்பக்கம் முழுக்க ஈரமண்ணோ சாம்பல் குழம்போ பூசிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். பூசாத குண்டானைத் தேய்க்க அரை மணி நேரமாகும்; பூசினால் கரி தண்ணீரோடு போய்விடும். ஒரு தலைவன் இதைத் தன் அணிக்குக் காட்டும்போது அவன் குரலே மாறியிருக்கும். அடுத்த வாரம் அவன் சொல்வதைப் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றால், தங்களுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிகிறது என்பதால்தான். சீருடையில் குத்திய பட்டைக்கு அந்தச் சக்தி கிடையாது.

இதே முகாமை ஆண்டுக்கு இருமுறை நடத்துங்கள்: தலைமை மாறும் ஜனவரியில் ஒன்று, பள்ளி திறந்த ஜூனில் ஒன்று.

5. வாரக் கூட்டம்: எது முன்னே, எது பின்னே

வாரக் கூட்டம் வெள்ளி மாலை என்றால், அணித்தலைவர் கூட்டம் புதன்கிழமையே நடந்துவிட வேண்டும். பதினைந்து நிமிடம் போதும். வெள்ளியன்று யார் என்ன கற்றுத்தருவது, எந்த விளையாட்டு, அதற்கு என்ன பொருள் என்று முடிவு செய்துவிடுவார்கள். இந்தக் கூட்டத்தை வாரக் கூட்டம் முடிந்தபின் வைப்பது பரவலான தவறு. எல்லோருக்கும் பஸ் பிடிக்கும் அவசரம், தலையாட்டிவிட்டு ஓடிவிடுவார்கள்.

ஒன்றரை மணி நேரக் கூட்டத்துக்கு நான் சொல்லும் வரிசை: கொடியேற்றம், உடனே ஓடியாடும் விளையாட்டு ஒன்று, பிறகு அணிமூலையில் (ஒவ்வொரு அணிக்கும் ஒதுக்கிய இடத்தில்) பயிற்சி, அந்தப் பயிற்சியை வைத்தே அணிகளுக்கிடையே போட்டி, அணிக்கூட்டம், கொடியிறக்கம். பகல் முழுக்க வகுப்பில் உட்கார்ந்த உடம்பை முதலில் அவிழ்த்துவிட்டால்தான் பிறகு பயிற்சியில் உட்காரும். பயிற்சிக்குப் பின் போட்டி வருவதால், 'இதை எதற்குக் கற்கிறோம்' என்ற கேள்வி எழுவதில்லை.

விசில் அணித்தலைவரிடம் இருக்க வேண்டும், வாரம் ஒருவரிடம். நீங்கள் ஓரமாக மரத்தடியில் நின்றால் போதும். ஒரு பையன் உங்களிடம் ஓடி வந்து, 'சார், கயிறு பத்தவில்லை' என்பான். 'உன் தலைவனிடம் கேட்டாயா தம்பி?' என்று மட்டும் கேளுங்கள். ஒரு மாதத்தில் உங்களிடம் வருவது நின்றுவிடும். அந்த ஒரு மாதம் கயிறு எடுத்துக் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நம் ஆசிரியர்களுக்குச் சுலபமில்லை.

கூட்டம் அலங்கோலமாகப் போகும் வாரங்கள் வரும். விளையாட்டுக்குப் பந்து கொண்டுவர மறந்திருப்பார்கள். நடுவில் புகுந்து சரிசெய்யாதீர்கள். புதன் கூட்டத்தில் 'போன வாரம் எது சரியில்லை?' என்று கேளுங்கள். அவர்களே பந்தைச் சொல்வார்கள்.

6. எது அவர்கள் முடிவு, எது உங்கள் முடிவு

இந்தக் கோட்டை முதல் மாதமே எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கே போவது, என்ன சமைப்பது, என்ன விளையாடுவது, யார் என்ன வேலை செய்வது, படைக்குள் எழும் சச்சரவு, அணிப்பணத்தைச் செலவழிப்பது ஆகியவை அணித்தலைவர்கள் கூடும் கோர்ட் ஆஃப் ஹானரின் முடிவு. உயிருக்கு ஆபத்து, சட்டம், பெற்றோர் ஒப்புதல், மருத்துவம், பெரிய தொகைகள் ஆகியவை உங்கள் முடிவு. முதல் பட்டியலில் நீங்கள் கை வைக்கக் கூடாது, இரண்டாவதில் அவர்களிடம் ஓட்டுக் கேட்கக் கூடாது. ஆற்றில் இறங்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்துவது ஜனநாயகம் ஆகாது.

கேட்டுவிட்டு மாற்றுவதைவிடக் கேட்காமலே இருப்பது நல்லது. பிள்ளைகள் செஞ்சிக்கோட்டை என்று முடிவெடுத்து, நீங்கள் 'அதைவிடச் சிறுவாணி நல்லது' என்று திருப்பிவிட்டால், அடுத்த கூட்டத்தில் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள். செஞ்சிக்குச் செலவு அதிகம் என்றால் கையிருப்பை முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தத் தொகைக்குள் அவர்கள் யோசிக்கட்டும்.

பணம் விஷயத்தில் ஒன்று. அணிக்கு ஒரு கணக்கு நோட்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளை கையில். ரசீது ஒட்டாமல் எழுதக் கூடாது என்பது ஒரே விதி.

7. ஆண்டு நாட்காட்டி: வானிலையைப் பார்த்துப் போடுங்கள்

ஜூனில் ஒரு நாள் முழுக்க அணித்தலைவர்களோடு உட்கார்ந்து, சுவரில் மாட்டும் பெரிய நாட்காட்டியில் மூன்று அடுக்காகக் குறியுங்கள். முதலில் தேர்வுகள்: காலாண்டு, அரையாண்டு, ஆண்டு. அடுத்து வானிலை. கடைசியாகத்தான் நிகழ்ச்சி. மாதம் ஒரு வெளிநடை, பருவத்துக்கு ஒரு இரவு முகாம் என்ற அளவே பள்ளிப் படைக்குத் தாங்கும். பாடத்திட்டத்தைப் பார்த்து நாட்காட்டி போடுகிறவர்கள் நவம்பரில் சமையல், மே மாதத்தில் மலையேற்றம் என்று போட்டுவிட்டு, 'மழையால் ரத்து', 'வெயிலால் ரத்து' என்று எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். சமவெளியில் பகல் காயும், மாலையில் இடியோடு மழை கொட்டும். எனவே நடை காலையிலேயே முடிய வேண்டும். குற்றாலம், நீலகிரி, தேனிப் பக்கத்து மலைகளில் இக்காலத்தில் ஓடையருகே போகவே கூடாது. மேலே பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போதும் காட்டாற்று வெள்ளமாக வரும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தார்ப்பாய் எந்த மூலை? ஆடி மாதத்தில் தார்ப்பாயை இடுப்பளவு உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டவும், திறந்தவெளியில் அடுப்பு மூட்டாமல் இருக்கவும் பழக்குங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். இந்த மூன்று மாதமும் படையை மூடிவிடுவதுதான் வழக்கம். மூடாதீர்கள். புயல் எச்சரிக்கையோ மாவட்ட ஆட்சியர் அறிவித்த விடுமுறையோ இல்லாத சாதாரண மழைநாளில், மைதானத்தில் தார்ப்பாய் கட்டி அதன் கீழ் ரவை உப்புமா கிண்டச் சொல்லுங்கள். மழையில் தீ மூட்டக் கற்றவருக்கு வெயில் காலச் சமையல் பெரிய காரியமே இல்லை. நூல் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும், முளைக்குச்சியைப் பிடுங்கிவிடும். மழைக்கு முன் சற்றுத் தளர்த்த வேண்டும். இதை நீங்கள் சொல்லாமல் ஒரு முறை பிடுங்கவிடுங்கள். ஏரி, கண்மாய், வாய்க்கால் கரைகளுக்கு மட்டும் இக்காலத்தில் முழுத் தடை.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நமக்குப் பொற்காலம். ஆண்டின் பெரிய முகாமை இங்கே வையுங்கள். செங்கல்பட்டுப் பக்கத்துப் படைகளுக்கு வேடந்தாங்கல், டெல்டா மாவட்டங்களுக்குக் கோடியக்கரை, மதுரைக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை, புதுக்கோட்டைக்கு நார்த்தாமலை, சித்தன்னவாசல் என்று எல்லா ஊருக்கும் அரை நாள் தூரத்தில் ஏதோ ஒன்று இருக்கும். பனி பலமாக இறங்குவதால் இரவில் மேலே மறைப்பு இல்லாமல் படுக்க வைக்க வேண்டாம்.

மார்ச் தேர்வு மாதம். ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிக்கலாம், அல்லது இரவில் நடக்கலாம். கத்திரி வெயிலில் பகல் நிகழ்ச்சி எதுவும் வேண்டாம். இரவு வானம் பார்க்க இது நல்ல காலம்: முன்னிரவில் சப்தரிஷி மண்டலம் உயரத்தில் இருக்கும், அதன் வாலுக்கு எதிர்முனையில் உள்ள இரண்டு விண்மீன்கள் வழியே துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கலாம். பிள்ளைகள் அதை வானத்தின் நடுவே தேடுவார்கள், ஏனென்றால் புத்தகப் படங்கள் குளிர்நாடுகளில் வரையப்பட்டவை. துருவ நட்சத்திரத்தின் உயரம் அந்தந்த இடத்தின் அட்சரேகைதான்: சென்னையில் அடிவானத்திலிருந்து 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஏறத்தாழ 10 டிகிரி. வடக்கே தாழ்வாக, மரமோ கட்டடமோ மறைக்காத இடத்தில் தேடச் சொல்லுங்கள்.

இதே காரணத்தால், கைக்கடிகார முள்ளை வைத்துத் திசை பார்க்கும் வித்தையையும் விட்டுவிடுங்கள். உச்சிக்கருகே சூரியன் போகும் நம் ஊரில் அது தப்பான திசை காட்டும். குச்சி நட்டு நிழல் நுனியைக் குறித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குறித்தால் முதல் குறி மேற்கு, இரண்டாவது கிழக்கு. அது இங்கே வேலை செய்கிறது.

8. ஒரு நாள் வெளிநடை

முதல் நடை எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். சமதரையில் பிள்ளைகள் ஓய்வோடு மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடப்பார்கள். அதை வைத்துத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டுப் பெற்றோருக்கு எழுதிக் கொடுங்கள்.

ஒரு வாரம் முன்பு நீங்களும் அணித்தலைவர்களும் அதே வழியை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே, நாய் எங்கே, நெடுஞ்சாலையை எங்கே கடப்பது, ஆட்டோ வரக்கூடிய இடம் எது, செல்போன் எங்கே எடுக்காது என்பதை அணித்தலைவர்கள் குறித்துக்கொள்ளட்டும். நடையன்று வழிகாட்டப் போவது அவர்கள்தான். தெரியாத வழியில் ஒரு பையனை முன்னே விட்டுவிட்டுப் பின்னாலிருந்து 'இடது, வலது' என்று கத்துவது தலைமைப் பயிற்சி ஆகாது.

வரிசையின் முன்னே அணித்தலைவர், கடைசியில் துணைத்தலைவர், அவருக்குப் பின்னே பெரியவர். மெதுவாக நடப்பவர் இரண்டாவது இடத்தில். அவர் வேகமே அணியின் வேகம். கடைசியில் விட்டால் அவர் எப்போது உட்கார்ந்தார் என்பதே தெரியாது.

காட்டுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை மறக்க முடியாது. வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' வழியாக முன்பதிவு செய்து, அவர்களின் வழிகாட்டியோடு போகும் பாதைகள் இருக்கின்றன. காட்டுத்தீ அபாயமுள்ள கோடைத் தொடக்கத்தில் பாதைகளை மூடுவார்கள். அப்போது வேறு இடத்தைப் பாருங்கள்.

9. இரவு முகாம்

ஒரு இரவிலிருந்து தொடங்குங்கள். மூன்று நாள் முகாமை முதலிலேயே வைத்தால் இரண்டாம் நாள் மதியம் களைப்பில் சண்டை வரும்.

இடத்தை இந்த வரிசையில் பாருங்கள்: குடிநீர், கழிப்பறை, வெள்ளம் வராத மேடு, காய்ந்த கிளையோ தேங்காயோ தலையில் விழாத இடம், நிழல். அழகு கடைசி. குழி வெட்டித்தான் கழிப்பிடம் என்றால், நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, சமையல் இடத்திலிருந்து காற்று வீசிச் செல்லும் பக்கத்தில்.

சமையல் பட்டியலை அணியே போடும். இதில்தான் வேடிக்கை. எல்லா அணியும் முதல் முறை பிரியாணி என்றுதான் எழுதும். மறுக்காதீர்கள், கேள்வி மட்டும் கேளுங்கள். 'கறி எத்தனை மணிக்கு வாங்குகிறீர்கள்? எத்தனை மணிக்குச் சமைக்கிறீர்கள்? அதுவரை எங்கே வைப்பீர்கள்?' நோட்டில் ஒருவன் மணியை எழுதுவான், இன்னொருவன் ஐஸ் பெட்டி என்பான், மூன்றாமவன் அதன் விலையைச் சொல்வான். சற்று நேரம் அமைதி. பிறகு பிரியாணி முட்டைப் பிரியாணியாகி, அதிலிருந்து தக்காளிச் சோறும் அவித்த முட்டையும் ஆகும். அந்த முடிவு அவர்களுடையது. சாப்பாடு குழைந்தாலும் முழுவதையும் சாப்பிட்டு முடிப்பார்கள்.

அளவு தெரியாமல்தான் பல முகாம்களில் சோறு மிஞ்சுகிறது அல்லது பற்றாமல் போகிறது. ஒரு வேளைக்குத் தலைக்கு 150 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு. எட்டுப் பேருக்கு 1.2 கிலோ அரிசி, 400 கிராம் பருப்பு. காலைக்கு உப்புமா, மதியம் சாம்பார்ச் சோறு, இரவுக்கு மீண்டும் ஒரு குண்டான் சமையல். தோசைக் கல்லைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்: எட்டுப் பேருக்கு ஊற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தார்ப்பாய் கட்டி, விறகு சேர்த்து, தண்ணீர் நிரப்பியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் விளையாட்டு. இந்த வரிசையை மாற்றிய முகாம்களில் இரவு எட்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் முடிச்சு போட்டுக்கொண்டிருப்பார்கள், பெரியவர்கள் பொறுமையிழந்து கயிற்றைப் பிடுங்கித் தாங்களே கட்டுவார்கள். அணித்தலைவரின் மதிப்பு அங்கேயே போய்விடும்.

பத்தரைக்கு விளக்கணைப்பு என்றால், அணித்தலைவர் ஆளெண்ணி உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். காலையிலும் அப்படியே. செருப்பையும் ஷூவையும் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும்; தேள் இருட்டான இடம் தேடும்.

10. விட்டுக்கொடுக்கக் கூடாத பாதுகாப்பு

தண்ணீர்: அணைக்கட்டு, கிணறு, ஆற்றுமடு எதிலும் இறங்குவதில்லை. காவிரியில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. நீச்சல் வேண்டுமென்றால் உயிர்காப்பாளர் உள்ள நீச்சல்குளத்துக்குப் போங்கள். 'முழங்கால் வரைக்கும் சார்' என்ற கெஞ்சலுக்கு இடமே கொடுக்காதீர்கள்.

இடி: மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே. தனி மரமும் தார்ப்பாயும் பாதுகாப்பு ஆகாது.

வெயில்: தலைவலி, குமட்டல், அதிக வியர்வை என்றால் நிழலில் கிடத்தி உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெப்பத்தாக்கம். வாயில் எதையும் ஊற்றாமல் உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

பாம்பு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் நம் வயல்வெளிகளில் உண்டு. கடித்தால் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் சிம்பு (தாங்கு குச்சி) வைத்து, ஆளை நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எந்த மருத்துவமனையில் மருந்து இருக்கிறது என்று முகாமுக்கு முந்தைய வாரமே விசாரித்து எழுதி வைத்திருக்க வேண்டும். கடித்த பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

பெரியவர்கள்: எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் கண்காணாத இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. பெரியவர்கள் படுக்கை தனி. ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டுமா, மற்றவர்கள் பார்க்கும் தூரத்தில் பேசுங்கள். இது உங்களையும் சேர்த்துத்தான். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அணிப்பெட்டியின் மூடியில் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். எதற்காக என்று அணித்தலைவர்களுக்கு முதல் முகாமிலேயே சொல்லிவிடுங்கள்.

11. சோபான் தேர்வுகள்

சோபான் என்பது சாரணர் ஒவ்வொன்றாகத் தேறி ஏறும் படிநிலை: பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான், அதற்குமேல் ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது. இவற்றைத் தனியாகப் 'பாடம்' எடுக்காதீர்கள். மேலே சொன்ன நடைகளும் முகாம்களும் ஒழுங்காக நடந்தால் வெளிவேலை சார்ந்த தேர்வுகளில் பெரும்பகுதி வழியிலேயே முடிந்துவிடும். யார் எதை முடித்தார்கள் என்ற அட்டவணையை அணித்துணைத்தலைவர் வைத்துக்கொள்ளட்டும். மீதியிருப்பதை வாரக் கூட்டத்தின் பயிற்சி நேரத்தில் நிரப்பலாம். தேர்வுக்கு முந்தைய வாரம் நோட்டில் குறிப்பு எழுதவைத்து மனப்பாடம் செய்ய வைக்கும் படைகளும் உண்டு. சான்றிதழ் கிடைக்கும், அடுப்பு பற்றாது.

12. திரும்பி வந்த வாரம்

முகாமிலிருந்து வந்த மறுநாள் தார்ப்பாய்களை விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு மடித்தால் பத்து நாளில் பூஞ்சை பிடித்துவிடும். ஒவ்வொரு அணியும் பெட்டியைக் கொட்டி, மூடியில் ஒட்டியிருக்கும் பட்டியலோடு சரிபார்த்து, குறைந்ததை எழுதி அணித்தலைவர் கூட்டத்துக்குக் கொண்டுவரும். கத்தியையும் அரிவாள்மணையையும் எண்ணி நீங்களே வாங்கிப் பூட்டுங்கள்.

அந்தப் புதன் கூட்டத்தில் மூன்று கேள்விகள்: எது நன்றாக இருந்தது, எதை மாற்ற வேண்டும், யார் வேலையில்லாமல் நின்றார்கள்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒவ்வொரு அணியிலும் ஒரு சின்னப் பையன் விறகைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றிருப்பான். அவன் பெயரை அணித்தலைவர் சொல்லும்வரை காத்திருங்கள். சொன்னதும் அடுத்த முகாமில் அவனுக்கு எந்த வேலை என்பதை அப்போதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பெற்றோரின் புகார் ஏதும் வந்தால் அதை நீங்கள் அன்றே பேசி முடியுங்கள், பிள்ளைகளிடம் தள்ள வேண்டாம். வரவுசெலவு நோட்டைத் தலைமையாசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு, சுவர் நாட்காட்டியில் அடுத்த நடைக்கான தேதியை அணித்தலைவர்கள் கையால் வட்டமிட வையுங்கள்.